விற்கப்படுவது உழைப்பா, உழைப்புச் சக்தியா?

ஒருவர் ‘வேலை செய்கிறார்’ என்பதும் ‘வேலைக்குப் போகிறார்’ என்பதும் வேறு வேறு என்று தமிழ் பேசுபவர் எவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, துவைத்து, குழந்தைகளையும் முதியவர்களையும் கவனித்து, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு படுக்கப் போகும் ஒரு பெண்ணைக் குறித்து “அவர் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்” என்று சொல்கிறோம். அலுவலக நாற்காலியில் அமர்ந்து தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தே பொழுதைக் கழித்தவரோ அன்று வேலைக்குப் போய் வந்தவர். நாள் முழுவதும் கை ஓயாதவர் வேலை இல்லாதவராகவும், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர் வேலை பார்த்தவராகவும் கணக்கில் ஏறுவது எப்படி? அந்தக் கணக்கை எழுதுபவர் யார், அதனால் ஆதாயம் அடைபவர் யார்? உழைப்பின் மானுடவியல் என்ற துறையும் அரசியல் பொருளாதாரம் என்ற துறையும் சந்திக்கும் இடம் இந்தக் கேள்விதான்.

அரசியல் பொருளாதாரம் என்பது, ஒரு சமூகத்தில் செல்வம் எப்படி உருவாகிறது, யாருடைய கைகளால் உருவாகிறது, உருவான பின் யார் யாருக்கு எந்தெந்த உரிமையின் பேரில் பிரிந்து போகிறது என்பதை அதிகாரத்தோடு சேர்த்து ஆராயும் மரபு. உழைப்பின் மானுடவியல், அதே விஷயத்தை வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அங்கே இருப்பவர்களோடு இருந்து, பெரும்பாலும் தானும் அந்த வேலையைச் செய்து பார்த்துப் புரிந்துகொள்ள முயல்கிறது. முதலாவது இல்லாத மானுடவியல், சுவையான காட்சிகளின் தொகுப்பாக நின்றுவிடும். இரண்டாவது இல்லாத அரசியல் பொருளாதாரத்தில் தொழிலாளி வெறும் எண்ணாகச் சுருங்கிவிடுவார். இரண்டையும் இணைக்கும் ஒரு கருத்தாக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்டால், இத்துறையில் உள்ள பல நூறு ஆய்வுகளுக்குள் எளிதாக நுழையலாம். அதன் பெயர் உழைப்புச் சக்தி.

ஒரு தையற்காரரை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அவரிடம் துணியைக் கொடுத்து, ஒரு சட்டைக்கு இவ்வளவு கூலி என்று பேசி, தைத்த சட்டையை வாங்கிக்கொண்டால், நீங்கள் வாங்கியது அவர் செய்து முடித்த வேலையை. அவர் அதை இரவில் தைத்தாரா, பாட்டுக் கேட்டுக்கொண்டே தைத்தாரா, இடையில் இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தாரா என்பது உங்களுக்குத் தேவையற்ற செய்தி. இப்போது ஒருவர் அதே தையற்காரரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமர்த்தும் நாளில் ஒரு சட்டைகூடத் தைக்கப்படவில்லை. கையெழுத்திடும் நேரத்தில் அந்தத் தையற்காரரிடம் விற்பதற்கு இருப்பது, தைக்கக்கூடிய அவருடைய திறன் மட்டுமே. அவர் விற்பது அந்தத் திறனை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இன்னொருவர் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை. திறன் எவ்வளவு வேலையாக மாறும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை; எழுதவும் முடியாது. அதனால்தான் சம்பளம் கொடுப்பவர் அவர் எப்போது வருகிறார், எத்தனை முறை எழுந்து போகிறார், யாரோடு பேசுகிறார் என்றெல்லாம் பார்க்கத் தொடங்குகிறார்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தவர் கார்ல் மார்க்ஸ். அவருக்கும் இது ஒரே நாளில் பிடிபட்டுவிடவில்லை. கூலியையும் மூலதனத்தையும் பற்றி அவர் ஆற்றிய உரைகள் 1849-இல் ஒரு செய்தித்தாளில் தொடராக வெளிவந்தபோது, தொழிலாளி தன் உழைப்பை விற்கிறார் என்றே அவற்றில் எழுதியிருந்தார். மார்க்ஸ் இறந்த பின், 1891-இல் அந்த உரைகளைத் தொழிலாளர்களுக்கான மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்த அவருடைய தோழர் எங்கெல்ஸ், ‘உழைப்பு’ என்று இருந்ததை ‘உழைப்புச் சக்தி’ என்று திருத்தினார். இது வெறும் சொல் விளையாட்டு அன்று, அரசியல் பொருளாதாரம் முழுவதிலும் மிக முக்கியமான புள்ளிகளில் ஒன்று என்று முன்னுரையில் விளக்கவும் செய்தார். இடைப்பட்ட காலத்தில், 1867-இல் வெளியான ‘மூலதனம்’ முதல் தொகுதியில், மார்க்ஸ் இந்தக் கருத்தை முழுமையாக வளர்த்திருந்தார்.

அந்த ஒரு சொல் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது. விற்கப்படுவது உழைப்பு என்றால், எட்டு மணி நேர உழைப்புக்கு உரிய விலை கொடுக்கப்பட்டுவிட்டது, கணக்கு தீர்ந்தது என்று சொல்லிவிடலாம். விற்கப்படுவது உழைப்புச் சக்தி என்றால், அதன் விலை, அந்த மனிதர் உண்டு, உடுத்து, உறங்கி, பிள்ளைகளை வளர்த்து, மறுநாளும் வேலைக்கு வரும் நிலையில் இருப்பதற்கு ஆகும் செலவையே ஒட்டி நிற்கும். அந்தச் செலவுக்கு ஈடான மதிப்பை அவர் ஐந்து மணி நேரத்தில் உருவாக்கிவிடுகிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எஞ்சிய மூன்று மணி நேரத்தில் உருவாவது அவரை அமர்த்தியவருக்குச் சேர்கிறது. உபரி மதிப்பு என்று சொல்லப்படுவது அதுதான். இதில் யாரும் யாரையும் எடையில் ஏமாற்றவில்லை, பேசிய கூலியைக் குறைக்கவும் இல்லை. சந்தை விலையை ஒழுங்காகக் கொடுத்த பிறகும் உபரி எழுகிறது என்பதைத்தான் மார்க்ஸ் விளக்க முயன்றார். உழைப்பே மதிப்பின் ஊற்று என்ற மார்க்ஸின் மதிப்புக் கோட்பாட்டைப் பொருளியலாளர் பலர் ஏற்பதில்லை. அந்த விவாதத்துக்குள் போகாமலும், வாங்கிய திறனுக்கும் பெறப்பட்ட வேலைக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது என்ற அளவுக்கு ஏற்றுக்கொண்டாலே மானுடவியலாளருக்குப் போதும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கடிகாரமும் மேற்பார்வையாளரும் ஊக்கத்தொகையும் அபராதமும் வந்தன.

எல்லா மனிதரும் எல்லாக் காலத்திலும் தங்கள் திறனை இப்படி மணிக்கணக்கில் விற்று வாழவில்லை என்பதைப் பதிவு செய்ததே மானுடவியலின் முதல் பெரும் பங்களிப்பு. பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அங்குள்ள ஆண்கள் தங்கள் தேவைக்கு மிஞ்சிக் கிழங்கு பயிரிடுவதையும், தோட்டத்தை அழகாகவும் நேர்த்தியாகவும் வைத்துக்கொள்ள அவசியத்துக்கு மேல் பாடுபடுவதையும், விளைச்சலில் பெரும் பங்கைத் தங்கள் சகோதரியின் கணவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் விவரித்தார். அங்கே உழைப்பை நகர்த்தியவை உறவுக் கடமையும் நல்ல தோட்டக்காரர் என்ற பெயரும். எப்போது எந்த வேலையைத் தொடங்குவது என்பதைத் தோட்ட மந்திரவாதியின் சடங்கு வரிசை முறைப்படுத்தியது. தென் சூடானின் நூயெர் மக்களைப் பற்றி 1940-இல் எழுதிய எவன்ஸ்-பிரிட்சார்ட், அவர்களுடைய நாளுக்குக் கடிகாரமாக இருந்தது மாடுகளைச் சார்ந்த வேலைகளின் வரிசையே என்றார். ஒருவர் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டால், பால் கறக்கும் நேரத்துக்கு வருவார் என்பார்கள். நேரத்தைச் சேமிப்பது, செலவழிப்பது, வீணாக்குவது என்று பேசுவதற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

அப்படி வாழ்ந்தவர்கள் எப்படிக் கூலிக்கு வந்தார்கள்? கூலியின் கவர்ச்சியால் தாமாகவே வந்தார்கள் என்று சொல்வது பெரும்பாலான இடங்களில் உண்மைக்குப் பொருந்தாது. உழைப்புச் சக்தி சந்தைக்கு வருவதற்கு, விற்பவர் யாருக்கும் அடிமையாக இல்லாமல் தன் திறனைத் தானே விற்றுக்கொள்ளும் உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். அதோடு, வேறு எதையும் விற்றுப் பிழைக்க வழியற்றவராக, நிலமும் கருவியும் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனையைப் பல இடங்களில் அரசே சட்டம் போட்டு உருவாக்கியது. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில், செசில் ரோட்ஸ் பிரதமராக இருந்த 1894-இல் கொண்டுவரப்பட்ட கிளென் கிரே சட்டம் இதற்கு ஒளிவுமறைவற்ற சான்று. ஆண்டுக்கு மூன்று மாதங்கள் தன் மாவட்டத்துக்கு வெளியே கூலிவேலை செய்ததாகக் காட்ட முடியாத ஆப்பிரிக்க ஆண் 10 ஷில்லிங் வரி கட்ட வேண்டும் என்றது அது. தன் நிலத்தில் பயிரிட்டு, தன் மாடுகளை மேய்த்து வாழ்ந்தவரிடம் அந்தப் பணம் இராது. பணம் வேண்டுமென்றால் கூலிக்குப் போயாக வேண்டும். ஆப்பிரிக்காவின் வேறு பல பகுதிகளில் குடிசை வரி அதே வேலையைச் செய்தது. தேவைகளும் வழங்கல்களும் சந்திக்கும் இடம் என்று பாடநூல்கள் அறிமுகப்படுத்தும் ‘உழைப்புச் சந்தை’க்குப் பின்னால் இத்தகைய சட்டங்கள் நின்றன என்பதை, இத்துறையைத் தொடங்கும் எவரும் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வந்து சேர்ந்தவரின் நேரத்தை முதலாளியின் நேரமாக மாற்றுவது அதற்கு அடுத்த கட்டம். இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய கட்டுரை, வரலாற்றுத் துறையைச் சேர்ந்ததாக இருந்தாலும், உழைப்பின் மானுடவியலில் இன்றுவரை முதலில் படிக்கப்படுவனவற்றுள் ஒன்று. கையிலுள்ள வேலை முடியும்வரை செய்து, முடிந்ததும் ஓய்ந்து, மழைக்கும் அலைக்கும் அறுவடைக்கும் ஏற்பக் கூட்டியும் குறைத்தும் உழைக்கும் முறையிலிருந்து, கடிகாரத்துக்கு உழைக்கும் முறைக்கு மக்கள் பழக்கப்பட்ட கதையை அவர் அதில் சொல்கிறார். அதில் வரும் ஒரு பழைய ஆவணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கிலாந்தில் இரும்பு ஆலைகளை நடத்திய குரோலி என்பவர், தம் ஆலைகளுக்கென்று ஒரு சட்டப் புத்தகமே எழுதி வைத்தார். காலை ஐந்து முதல் இரவு எட்டு வரை, அல்லது ஏழு முதல் பத்து வரை, ஆகப் பதினைந்து மணி நேரம். உணவு முதலியவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தால் எஞ்சுவது பதின்மூன்றரை மணி நேர நிகரச் சேவை. அந்தச் சேவையிலிருந்து மதுக்கடை, காப்பிக்கடை, விளையாட்டு, உறக்கம், புகைபிடித்தல், பாடுதல், செய்தி வாசித்தல், சண்டை, வாக்குவாதம் ஆகியவற்றில் போன நேரமெல்லாம் கழிக்கப்பட வேண்டும் என்று அப்புத்தகம் பட்டியலிட்டது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் அதில் தெரிவது, ஆலைக்குள் அதுவரை இருந்த வாழ்க்கைதான். பாடுவது, செய்தி பேசுவது, வாதிடுவது எல்லாம் அந்த மனிதர்களுக்கு வேலையோடு கலந்தே இருந்தன; இல்லாவிட்டால் அவற்றைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டிய தேவையே எழுந்திராது. வேலையையும் வாழ்வையும் இரண்டாகப் பிரித்த கோடு, இப்படி ஒரு கணக்கர் கையில் இருந்த பேரேட்டில் கிழிக்கப்பட்டது. நம்முடைய ‘ஓய்வு நேரம்’ என்ற சொல்லே அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் எஞ்சியதைக் குறிப்பதுதான்.

நேரத்தை வாங்கிவிட்டாலும், அந்த நேரத்துக்குள் உடல் எவ்வளவு வேகமாக இயங்கும் என்பது தொழிலாளியின் கையில்தான் இருந்தது. அதையும் எடுத்துக்கொள்ள முயன்றவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெட்ரிக் டெய்லர். 1911-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியபடி, பெத்லகேம் உருக்காலையில் நாளொன்றுக்குச் சுமார் 12.5 டன் வார்ப்பிரும்பைத் தூக்கி வண்டியில் ஏற்றிவந்த ஒரு தொழிலாளி, எப்போது தூக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அருகில் நின்றவர் சொன்னதை அப்படியே செய்ததால் 47.5 டன் ஏற்றினார். அவர் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி அறுபது விழுக்காடு கூடுதல். இந்தக் கதையை டெய்லர் மெருகேற்றிச் சொன்னார் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது எவ்வளவு உண்மை என்பதைக் காட்டிலும், எப்படிச் செய்வது என்ற அறிவு தொழிலாளியின் தலையிலிருந்து நிர்வாகத்தின் தாளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவருடைய கொள்கைதான் கவனிக்க வேண்டியது. ஹென்றி ஃபோர்டின் ஆலையில் 1913-இல் நகரும் பட்டை வந்தபோது, வேகத்தைச் சொல்ல அருகில் ஆள் நிற்க வேண்டிய தேவையும் போயிற்று. பட்டையே வேகத்தைச் சொன்னது. அந்த ஆண்டில் மட்டும் வேலையை விட்டு வெளியேறியவர்களின் விகிதம் 370 விழுக்காடு; அதாவது ஓர் இடத்துக்கு ஓராண்டில் மூன்று, நான்கு பேர் வந்து போனார்கள் என்ற கணக்கு. அடுத்த ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புகழ்பெற்ற ஐந்து டாலர் நாள்கூலியும், தொழிலாளர் வீடுகளுக்கே ஆய்வாளர்களை அனுப்பி அவர்கள் குடிக்கிறார்களா, சேமிக்கிறார்களா, குடும்பம் எப்படி நடக்கிறது என்று பார்த்த ஏற்பாடும் இந்த விகிதத்தின் பின்னணியில் வந்தவையே.

இதுவரை சொன்னதைக் கேட்பவருக்கு, தொழிலாளர் எப்போதும் கண்காணிப்புக்கு அஞ்சி மட்டுமே வேலை செய்கிறார்கள் என்று தோன்றலாம். ஆலைக்குள் போன மானுடவியலாளரும் சமூகவியலாளரும் கண்டது அதைவிடச் சிக்கலானது. மைக்கேல் புராவோய் 1974-இல் சிகாகோ பகுதியில் இருந்த ஓர் எஞ்சின் ஆலையில் இயந்திரத் தொழிலாளியாகச் சேர்ந்து பத்து மாதங்கள் வேலை பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு டொனால்ட் ராய் என்ற இன்னொரு ஆய்வாளர் வேலை பார்த்ததும் அதே ஆலைதான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அங்கே துண்டுக்கூலி முறை, அதாவது செய்த துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. நிர்ணயித்த அளவுக்கு மேல் 25 விழுக்காடு கூடுதலாகச் செய்து ஊக்கத்தொகை பெறுவதைத் தொழிலாளர்கள் ஓர் ஆட்டமாக ஆடினார்கள். நிர்ணயித்த அளவில் 140 விழுக்காட்டுக்கு மேல் போனால் நிர்வாகம் அளவையே உயர்த்திவிடும் என்பதால் அதற்கு மேல் செய்ததைக் கணக்கில் காட்டாமல் மறைத்து வைத்தார்கள். எளிய வேலை கிடைத்ததா, கடின வேலை கிடைத்ததா, கருவி அறையில் இருப்பவர் சீக்கிரம் எடுத்துக் கொடுத்தாரா என்பதிலேயே நாள் ஓடிவிடும். புராவோய் தம்மையே கவனித்துப் பார்த்தார். மார்க்ஸியம் நன்கு படித்தவரான அவரும், தம் முயற்சியால் யாருக்கு லாபம் என்று தெரிந்தே, அந்த ஆட்டத்தில் வெல்லத் துடித்தார். தொழிலாளர் ஏன் இவ்வளவு குறைவாக உழைக்கிறார்கள் என்று நிர்வாகம் கேட்டுவந்த கேள்வியைத் திருப்பிப் போட்டு, ஏன் இவ்வளவு அதிகமாக உழைக்கிறார்கள் என்று அவர் கேட்டார். ஆட்டத்தை ஆடத் தொடங்கினால், ஆட்டத்தின் விதிகளை ஏற்றுக்கொண்டதாகிவிடுகிறது என்பது அவர் கண்ட விடை. அவருடைய நூல் 1979-இல் வெளிவந்தது. சம்மதம் என்பது பள்ளியிலும் செய்தித்தாளிலும் ஊட்டப்படுவது மட்டுமன்று, வேலை செய்யும் இடத்திலேயே நாள்தோறும் உருவாவது என்ற அவர் கருத்தை எனக்குத் தெரிந்த அலுவலகச் சூழல்கள் பலவற்றிலும் பொருத்திப் பார்க்க முடிகிறது.

அதே டொனால்ட் ராய் 1959-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் ஒரு சிறு அறை வருகிறது. ஒரே மாதிரி அழுத்தி வெட்டும் இயந்திரங்களில் ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் சில தொழிலாளர்கள். அலுப்பில் மனம் உடைந்துவிடும் என்று ராய் நினைத்த நிலையில், அவர்களுடைய நாளுக்கு வேறொரு கடிகாரம் இருப்பதைக் கவனித்தார். ஒருவர் கொண்டுவரும் பீச் பழத்தைப் பகிரும் நேரம், அதற்கடுத்து வாழைப்பழ நேரம், பிறகு மீன் நேரம், குளிர்பான நேரம். வாழைப்பழத்தை ஒருவர் தமக்காகக் கொண்டுவருவார். இன்னொருவர் அதை நாள்தோறும் திருடி, உரக்க அறிவித்துவிட்டுத் தின்பார். கொண்டுவந்தவர் நாள்தோறும் கோபிப்பார். மறுநாளும் தவறாமல் ஒரு பழம் கொண்டுவருவார். நிர்வாகத்துக்கு விற்றுவிட்ட நேரத்துக்குள் அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட நேரம் அது. எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாத இதைப் பார்க்க, பக்கத்து இயந்திரத்தில் ஒருவர் மாதக்கணக்கில் நின்றிருக்க வேண்டும்.

கூலி உறவு புதிதாக நுழையும் இடங்களில், மக்கள் அதைத் தங்களிடம் ஏற்கனவே இருக்கும் கருத்துகளைக் கொண்டே புரிந்துகொள்கிறார்கள். பொலிவியாவின் ஓருரோ பகுதித் தகரச் சுரங்கங்களில் ஆய்வு செய்த ஜூன் நாஷ், சுரங்கத்துக்குள் ‘தியோ’ என்று அழைக்கப்படும், சாத்தானாகக் கருதப்படும் ஆவியின் உருவத்துக்குத் தொழிலாளர்கள் கோகா இலையும் மதுவும் சிகரெட்டும் படைப்பதை விவரித்தார். கனிமத்தைத் தருபவனும் அவனே, உயிரை வாங்குபவனும் அவனே. சுரங்கத்தை நாங்கள் தின்கிறோம், சுரங்கம் எங்களைத் தின்கிறது என்பது அவர்கள் பேச்சு; பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்தவர்களிடையே அது வெறும் உவமையாக இருக்கவில்லை. இதைக் கொண்டு, எல்லாவற்றையும் விற்பனைப் பொருளாக்கும் பண்டப் பொருளாதாரத்தைப் பற்றிய உள்ளூர் விமர்சனமே இந்தச் சாத்தான் என்று மைக்கேல் டவுசிக் 1980-இல் வாதிட்டார். அது அழகான வாதம். ஆனால் அதே சுரங்கத் தொழிலாளர்கள் வலுவான தொழிற்சங்கம் கட்டி அரசோடு மோதியவர்கள் என்பதையும், சடங்கில் கூடிய கூட்டமே சங்கத்தின் ஒற்றுமைக்கும் உரமாயிற்று என்பதையும் விடாமல் சொல்லும் நாஷின் எழுத்தே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிராமத்துக்கு அருகே வந்த ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகளை ஆராய்ந்த ஐவா ஓங் இன்னொரு காட்சியைத் தந்தார். நுண்ணோக்கியில் மணிக்கணக்காகக் குனிந்து மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் இளம் மலாய்ப் பெண்களில் சிலருக்குத் திடீரென்று ஆவி பிடிக்கும். கத்துவார்கள், திமிறுவார்கள், சில வேளை வரிசையே நின்றுவிடும். நிர்வாகம் அதைக் கூட்டு மனப்பிறழ்வு என்று பெயரிட்டு மருத்துவப் பிரச்சினையாக்கியது. ஆண் மேற்பார்வையாளரின் இடைவிடாத கண்காணிப்பு, கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டிய நிலை, பழக்கமில்லாத வேகம் ஆகியவற்றுக்கு எதிராக, வெளிப்படையாகப் பேச வழியில்லாதவர்களின் எதிர்ப்பை ஓங் அதில் கண்டார். ‘பொறுமையான, நுட்பமான விரல்கள்’ என்று முதலீட்டாளர்களிடம் பெண்களின் இயல்பாக விளம்பரப்படுத்தப்பட்டதும், உழைப்புச் சக்தியின் விலையைக் குறைத்து மதிப்பிட உதவிய ஒரு கதையே. பயிற்சியால் வந்த திறனை இயற்கை என்று சொல்லிவிட்டால், அதற்குத் தனியே கூலி தர வேண்டியதில்லை.

கையையும் நேரத்தையும் தாண்டி உணர்வையும் வாங்கும் வேலைகள் உண்டு. ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது, புன்னகை மனதிலிருந்து வர வேண்டும் என்று பயிற்சி தரப்பட்டதையும், பணி முடிந்த பிறகும் அந்தப் புன்னகையைக் கழற்றிவைக்க முடியாமல் அவர்கள் திணறியதையும் காட்டினார். அதே நூலில் கடன் வசூலிப்பவர்களும் வருகிறார்கள். அவர்கள் இரக்கத்தை அடக்கிக்கொள்ளச் சம்பளம் பெறுபவர்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண்ணுக்குத் திரும்புவோம். உழைப்புச் சக்தி ஒரு பண்டம் என்றால், அந்தப் பண்டம் எங்கே தயாராகிறது? எந்த ஆலையிலும் அல்ல. சமையலறையிலும் படுக்கையறையிலும், சோறு ஊட்டுவதிலும் காய்ச்சலுக்குக் கண்விழிப்பதிலும் தயாராகிறது. 1970-களின் தொடக்கத்தில் மரியாரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலிய பெண்ணியர்கள் வீட்டுவேலைக்குக் கூலி வேண்டும் என்று இயக்கம் தொடங்கியபோது அவர்கள் சொன்னது இதைத்தான்: கூலி பெறும் ஒருவருடைய உழைப்புக்குப் பின்னால், கூலி பெறாத இன்னொருவருடைய உழைப்பு இருக்கிறது, முதலாளி இரண்டையும் ஒரே கூலிக்கு வாங்கிக்கொள்கிறார். அந்த வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை ஐஸ்லாந்து 1975 அக்டோபர் 24 அன்று பார்த்தது. நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அன்று அலுவலகத்திலும் வீட்டிலும் வேலை செய்ய மறுத்தார்கள். பள்ளிகளும் தொலைபேசி நிலையங்களும் முடங்கின, தந்தையர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் சென்றார்கள்.

நாடுகளின் வருமானத்தைக் கணக்கிடும் சர்வதேச முறை இந்த வேலையில் பெரும்பகுதியை இன்றும் உற்பத்தியாகக் கொள்வதில்லை. வீட்டுக்காக விளைவித்த தானியம் கணக்கில் சேரும். அதே தானியத்தைச் சமைத்த நேரம் சேராது. ஆய்வாளரும் இந்தத் தவறுக்கு விலக்கல்லர். ரிச்சர்ட் லீ 1964-இல் கலஹாரிப் பாலைப் பகுதியின் டோபே என்னுமிடத்தில் குங் வேட்டையாடிகளின் உழைப்பை நாள் நாளாகக் குறித்து, வாரத்துக்குச் சுமார் இரண்டரை நாள் உழைப்பிலேயே அவர்கள் போதிய உணவைத் தேடிக்கொள்கிறார்கள் என்று கண்டார். ஆதிச் சமூகங்கள் ஓயாத பாட்டில் கிடந்தன என்ற எண்ணத்தை அது உடைத்தது. அவர்களே முதல் வளமான சமூகத்தினர் என்று மார்ஷல் சாலின்ஸ் எழுதினார். ஆனால் அந்தக் கணக்கு உணவு தேடும் நேரத்தை மட்டுமே கொண்டிருந்தது. கொட்டை உடைப்பது, சமைப்பது, விறகும் தண்ணீரும் கொண்டுவருவது, கருவிகளைச் செய்து செப்பனிடுவது எல்லாவற்றையும் சேர்த்து லீயே பின்னர் கணக்கிட்டபோது வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை அது தாண்டியது. மனிதர்களும் அவர்களுடைய நாளும் மாறவில்லை. வேலை என்று எதை எண்ணுவது என்பது மட்டுமே மாறியது.

ஆலையும் சம்பளமும் நிரந்தர வேலையும்தான் வழமை, மற்றவையெல்லாம் விதிவிலக்கு என்று நினைப்பதும் இதே வகைப் பிழை. கானாவின் அக்ரா நகரில் வாழ்ந்த இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி 1970-களின் தொடக்கத்தில் எழுதிய கீத் ஹார்ட், வேலையற்றவர்கள் என்று அரசின் ஏட்டில் இருந்தவர்கள் விற்பது, பழுதுபார்ப்பது, கடன் கொடுப்பது என்று ஒரே நேரத்தில் பல வழிகளில் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அவர் தந்த ‘முறைசாரா’ என்ற சொல்லைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எடுத்துக்கொண்டது. இன்று உலகத் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சொல்லுக்குள்தான் அடங்குகிறார்கள்.

கைபேசிச் செயலி வழியாக நடக்கும் வாடகைக் கார், உணவு விநியோகம் போன்ற வேலைகளில், வாங்கிய திறனுக்கும் பெற்ற வேலைக்கும் இடையிலான பழைய இடைவெளி வேறு வடிவில் வருகிறது. நிறுவனம் இப்போது திறனை வாங்குவதாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியே, தையற்காரரிடம் சட்டை வாங்குவதுபோல வாங்குவதாகச் சொல்கிறது. ஆகவே இரண்டு பயணங்களுக்கு நடுவே ஓட்டுநர் சாலையோரம் செயலியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரம் யாருடைய கணக்கிலும் வராது. குரோலியின் கணக்கர் கழித்தது தொழிலாளி பாடிய நேரத்தை, உறங்கிய நேரத்தை. இங்கே அழைப்புக்குத் தயாராக விழித்திருக்கும் நேரமே கழிக்கப்படுகிறது. ஊபர் நிறுவனத்துக்கு எதிராக ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, அவர்கள் தொழிலாளர்களே என்றும், தமக்கு உரிமமுள்ள பகுதியில் செயலியைத் திறந்துவைத்துப் பயணங்களை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் கூறியது. அடுத்த மாதம் அந்த நிறுவனம் குறைந்தபட்ச ஊதியம் தருவதாக அறிவித்தது. பயணத்தை ஏற்றுக்கொண்ட நொடியிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும் என்றது. காத்திருந்த நேரத்துக்கும் ஊதியம் வேண்டும் என்று ஓட்டுநர் சங்கங்கள் எதிர்த்தன.